எங்கள் ஊரின் ஙொய்

எங்கள் ஊரில் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டும் பிரயோஜனமில்லை, தெருவுக்குப் பத்துப் பட்டறை, பட்டறைக்கு இருபது தறி, இருபதும் விடிந்ததிலிருந்து தடக்குத் தடக்கென்று அடித்துக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்து கத்துகிறவன் வெளியூர்க்காரன் என்று அர்த்தம். ஆள் வேண்டுமென்றால் நூல் தீர்ந்த தார்க்குச்சி ஒன்றை எடுத்து அவர் முதுகில் எறிவோம், அவர் திரும்பியதும் சத்தமில்லாமல் உதட்டை அசைப்போம், அவர் அதைப் படித்துவிட்டு உதட்டாலேயே பதில் சொல்வார். இப்படித்தான் எங்கள் ஊரில் தறியில் பாவு நூல் தீர்ந்ததைச் சொன்னார்கள், பிள்ளை பிறந்ததைச் சொன்னார்கள், இப்படித்தான் காதலித்தார்கள், இப்படித்தான் எழவும் சொன்னார்கள். ஒருத்தி நாலு தறி தள்ளி நின்று புருஷனைத் திட்டினால் பட்டறையே நின்று படிக்கும். ரகசியம் பேச வேண்டுமென்றால் கேட்கிறவரைச் சுவரோரம் நிறுத்தி, நாம் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

நான் பத்தாவதோடு நின்றுவிட்டு வையாபுரி முதலாளி பட்டறைக்கு வந்தவள். பெயர் மைதிலி. வீட்டுக் கஷ்டத்தால் நின்றேன் என்று சொன்னால் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள், உண்மை அதுவல்ல, ஓரிடத்தில் உட்கார என்னால் முடியவில்லை. அம்மா சாந்தாமணியும் அதே பட்டறைதான், இருபத்திரண்டு வருஷமாக. அப்பா சூரத்தில் தறி ஓட்டப் போனார், போனவர் போனவர்தான்.

மாசி மாதத்தில் காது வண்டி வந்தது. தறித் தொழிலாளர் சங்கக் கட்டடத்துக்கு முன்னால் நின்றது. வண்டிக்குள் மெத்தை வைத்துத் தைத்த சுவரோடு ஒரு சின்ன அறை, அறைக்கு ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷின், மெஷினுக்கு முன்னால் ஜெசிந்தா மேடம், நாகர்கோவில்காரர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், ஒவ்வொரு சத்தமாக வரும், எவ்வளவு சன்னமாக இருந்தாலும் கேட்டதும் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் பரிசோதனை. முதல் நாள் வையாபுரி முதலாளி சால்வையோடு வந்து ரிப்பன் வெட்டினார், போட்டோவுக்காக முதல் ஆளாக அவரே உட்கார்ந்தார், பதினோரு வயதில் தறியில் நின்று, தறியிலேயே வளர்ந்து, நாற்பது தறிக்கு முதலாளியானவர், எல்லாச் சத்தத்துக்கும் கையைத் தூக்கினார். பிறகு நான் போனேன், நானும் எல்லாவற்றுக்கும் தூக்கினேன். அன்று உட்கார்ந்த நாற்பத்திரண்டு பேரும் தூக்கினோம், நாற்பத்திரண்டு பேருக்கும் நார்மல் என்று தாள் கிடைத்தது.

தறி ஓடுகிற ஊரில் இத்தனை நல்ல காதா என்று ஜெசிந்தா மேடத்துக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். ஊர் தோற்றுப்போனது.

காரணம் சின்னது. முதல் நாள் எல்லோரும் கண்ணாடி வழியாக அவர் விரலைப் பார்த்தோம். விரல் அழுத்தும்போது புருவமும் கொஞ்சம் மேலே போகும், அதற்குத்தான் கை தூக்கினோம். இதை ஏமாற்று என்று சொன்ன, வண்டியோடு வந்திருந்த சுகாதார ஆய்வாளரிடம் நான் சண்டை போட்டேன், ஏனென்றால் எங்களுக்குப் பார்ப்பதுதான் கேட்பது, உதடு அசைந்தால் குரல் தலைக்குள் தானாக விழும், அப்படியே வருஷக்கணக்காகப் பழகிய தலையில் விரல் அசைந்தாலும் சத்தம் விழத்தான் செய்யும். என் வரைக்கும் நான் நிஜமாகவே கேட்டேன், மற்றவர்கள்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா இரண்டாம் நாள் போனவர், சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர். அவருடைய கிராஃபில் கோடு நேராக வந்து ஓரிடத்தில் கிணறு மாதிரி இறங்கி மறுபடி ஏறியது. "தறியில நிக்கிற எல்லாருக்கும் இதே இடத்துலதான் பள்ளம் மக்களே, நாலாயிரத்துல. நாலாயிரம்னா சத்தத்தோட உயரம். வயசானா கோடு கடைசியில சரியும், இப்படி நடுவுல குழி விழாது. இது இரைச்சல் தோண்டுன குழி" என்று சொல்லி, காரணம் என்ற கட்டத்தில் தறிச் சத்தம் என்று எழுதினார் ஜெசிந்தா மேடம்.

வண்டி போய்விட்டது. சத்தங்கள் போகவில்லை. ஒரு சத்தம் யாருக்காக அனுப்பப்பட்டதோ அவர் கேட்டால்தான் அது முடியும் போலிருக்கிறது, கேட்காமல் விட்டவை ஹெட்போனிலிருந்து இறங்கி அவரவர் ஆள் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டன. முதலில் கண்டுபிடித்தது டவுன் பஸ் கண்டக்டர். யாருடைய செல்லோ அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுங்கள் என்று அவர் மூன்று ஸ்டாப் வரைக்கும் சொல்லிப் பார்த்தார், கடைசியில் ஒவ்வொருவராக இறக்கி ஏற்றினார், முன் சீட்டில் இருந்த பாவு பிணைக்கிற அக்கா இறங்கியபோது சத்தமும் இறங்கியது, ஏறியபோது ஏறியது. அக்கா எதுவும் புரியாமல் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

சன்னமான, விடாத சத்தம். நாங்கள் அதற்கு ஙொய் என்று பெயர் வைத்தோம். காது எவ்வளவு போயிருக்கிறதோ அவ்வளவு பெரிய ஙொய், அது அவரைத் தவிர எல்லோருக்கும் கேட்கும், அவரைவிட அதிகமாகக் காது போனவருக்கும் கேட்காது. எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று ஊர் இரண்டு நாள் பேசியது, மூன்றாம் நாள் தறிக்குப் போனது. நாய்கள் ஒரு வாரம் ஆற்றங்கரைக்குக் குடி போயின, பிறகு பசித்துத் திரும்பி வந்தன. கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகள் அழாமல் அம்மாவின் ஙொய்யைக் கேட்டு நடந்து போய்ச் சேர்ந்தன. ஓடிப்போவதாக இருந்த ஒரு ஜோடி அந்த எண்ணத்தைக் கைவிட்டது, பையனுடைய ஙொய் அவ்வளவு பெரிது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணுக்கு ஙொய் உண்டா என்று தெரிந்துகொள்ள, காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, டிவியைக் கொஞ்சம் நிறுத்துங்க, தலைவலி என்றார்கள், பெண் வீட்டாரும் அதை எதிர்பார்த்துப் பக்கத்து வீட்டு மிக்ஸியை ஓடவிட்டிருந்தார்கள்.

ஙொய்யில் தினுசு உண்டு என்பதும் மெதுவாகத் தெரிந்தது. சின்ன வயதில் காதில் சீழ் வடிந்தவர்களுடையது வண்டு மாதிரி தாழ்ந்து சுற்றியது. நூல்கடைக்காரருடையது இடது பக்கம் மட்டும் நின்றது, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அறைந்த பக்கம் அது. ரிட்டயரான தலையாரியுடையது கொசு போல மேலே மேலே போய் மங்கியது, வயசு. டீக்கடை அர்த்தநாரி மட்டும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார், அங்கே காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு குமிழை வைத்துப் பார்த்தார்கள், எலும்பு வழியாக எல்லாம் நன்றாகக் கேட்டது, அப்படியென்றால் உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது, வழியில்தான் ஏதோ அடைத்திருக்கிறது என்று தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள், பட்டாணி அளவுக்கு அழுக்கு விழுந்தது, அர்த்தநாரி அட என்று நிமிர்ந்து தன் ஙொய்யைத் தானே கேட்டார், கேட்ட அந்த நிமிஷமே அது முடிந்து போனது. அடுத்த வாரம் முழுக்க ஊரே ஆஸ்பத்திரி வரிசையில் நின்றது. சாமி, எனக்கும் அழுக்காகவே இருக்கட்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்களை நான் பார்த்தேன். பெரும்பாலும் சுத்தமான காதுகள். தறிக்காரர்கள் ஙொய் எல்லாம் ஒரே உயரம், நூறு பேர் சேர்ந்து நின்றாலும் ஒரே கம்பி இழுத்தது மாதிரி இருக்கும்.

அதன் பிறகுதான் மரியாதை வந்தது. ஒருவரிடம் உங்களுக்கு ஙொய் இருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொல்வது, வேட்டி கிழிந்திருப்பதைச் சபையில் சொல்வது மாதிரி ஆகிவிட்டது. பங்குனி முடிவதற்குள் யாரும் சொல்வதில்லை. எனக்கு இந்த மாதிரி மரியாதையெல்லாம் பிடிக்காது, ஆனாலும் நானும் சொல்லவில்லை.

முக்கியமாக வையாபுரி முதலாளியிடம் யாரும் சொல்லவில்லை. அவருடைய ஙொய் அவர் புல்லட்டைவிட முன்னால் வரும். அவரோ நார்மல் தாளைப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பட்டறை வாசலில் மாட்டியிருந்தார். சங்கத்துக்காரர்கள் தறியின் இரைச்சலைக் குறைக்க ஏதாவது செய்யுங்கள், காதுக்கு அடைப்பான் கொடுங்கள் என்று கேட்டு வந்தபோது, காது போனதற்குக் காரணம் வயசு, டிவி, செல்போன், பரம்பரை என்று விரல்விட்டுச் சொன்னவர், என்னைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார். "இந்தப் புள்ள ரெண்டரை வருசமா என்ற பட்டறையில நிக்குது. இவளுக்கு ஙொய் இருக்குதா, கேளுங்க. நான் நாப்பது வருசம். எனக்கு இருக்குதா?" எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவருக்காகத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் தாள் பொய் என்று தெரிந்தவளுக்கு, அதே நாளில் அதே நாற்காலியில் வாங்கிய தன் தாளைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு வேலை தடுமாறியது. இழை அறுந்தால் தறியின் சத்தம் கொஞ்சம் மாறும், கண்ணுக்கு முந்திக் காது பிடித்துவிடும், அம்மாவுக்கு அது பிடிபடவில்லை, இரண்டு தடவை துணி பழுதாகிப் போனது. சின்னவளைக் கூட்டிக்கொண்டு வா, அவள் காதும் உன் கையும் சேர்ந்தால் எட்டுத் தறி ஓட்டலாம், இல்லையென்றால் உனக்குத் தறி இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். சின்னவள் என்றால் தன்யா, என் தங்கை, பத்தாவது எழுதி முடித்து முடிவுக்குக் காத்திருந்தாள், நல்லாப் படிக்கிறவள். வைகாசியில் முடிவு வந்தது, நானூற்றி முப்பத்தொன்பது. வருகிற திங்கட்கிழமை அழைத்து வருகிறேன் என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டார்.

நான் அம்மா பக்கம்தான் பேசினேன். மறைக்க ஒன்றுமில்லை. "நான் போகலையா? நான் என்ன கெட்டுப் போயிட்டேன்? வேணும்னா கேட்டுப் பாரு" என்று தன்யா முகத்துக்கு முன்னால் என் காதை நீட்டினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு டிபன் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. தறிகள் நின்றன, ஊர் மூச்சுவிட்டது. ஜெசிந்தா மேடம் மறுபடி வந்து சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து காது மெஷின் மாட்டிவிட்டார், இரண்டாம் நாள் பரிசோதனையில் அவர் எழுதிக் கொடுத்திருந்தவர்களுக்கு. அம்மா காதில் மாட்டித் திருகியதும் அம்மா தன் ஙொய்யைத் தானே கேட்டார். "இதையா இத்தன நாளா ஊருக்கெல்லாம் கேக்க வெச்சுட்டுத் திரிஞ்சேன்" என்றார், அவ்வளவுதான், மூன்று மாதமாகக் கூட வந்த ஙொய் நின்றது. வீடு எவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று எனக்கு முதலில் பயமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். டம்ளரைத் தட்டிக் கேட்டார். வளையலை உதறிக் கேட்டார். தன்யா புத்தகத்தில் பக்கத்தைத் திருப்புகிற சத்தத்துக்குச் சிரித்தார், புத்தகம் இப்படிப் பேசுமா என்றார். பிறகு நெற்றி சுருங்கியது. குழாயை இறுக்கினார். காஸை மூடினார். அலமாரிக்குப் பின்னால் பல்லி இருக்கிறதா என்று பார்த்தார். ஃபேன் சுற்றவில்லை, எதுவும் ஓடவில்லை. நான் கட்டிலிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன், அம்மா தலை என் கூடவே திரும்பியது. வந்து உட்கார்ந்தேன், திரும்பி வந்தது. அம்மா எழுந்து வந்து என் கன்னத்தோடு கன்னம் வைத்து, என் காதோடு தன் காதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். பிறகு விலகி, வீட்டில் அவ்வளவு அமைதி இருந்தும், குரலே எடுக்காமல் பட்டறையில் பேசுவது போல உதட்டை மட்டும் அசைத்தார்.

உனக்கும் வந்துருச்சா சாமி.

நான் சிரித்தேன். பீரோவில் இருந்த என் நார்மல் தாளை எடுத்து வந்து காட்டினேன். மெஷின் புதுசு, அதுதான் கத்துகிறது என்றேன். தன்யாவைச் சொல்லச் சொன்னேன்.

"மொத நாள்ல இருந்தே இருக்குதுக்கா" என்றாள்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா, தறிக்கு வரப் பயந்துட்டுச் சொல்றேன்னு நினைச்சுக்குவ."

எனக்கு அவள் கன்னத்தில் ஒன்று விடத் தோன்றியது, அதையும் எழுதிவிடுகிறேன். அதற்குப் பதிலாக நாற்காலியை இழுத்துச் சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தேன். என் காதுக்குப் பின்னால் இரண்டு விரலைத் தேய், கேட்டால் கை தூக்குகிறேன் என்று தன்யாவிடம் சொன்னேன். சுவரில் போன வருஷக் காலண்டர் மாட்டிய ஆணி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரமாகியும் அவள் ஒன்றும் செய்யாததால் எரிச்சல் வந்து, ம், ஆரம்பி என்றேன். திரும்பிப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே முடித்திருந்தாள். அம்மா தன் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

இரண்டரை வருஷத்தில் எனக்கு என்னென்ன போயிருக்கும் என்று அன்று முழுக்கக் கணக்கெடுக்கப் பார்த்தேன். முடியவில்லை. கேட்காத ஒன்றை எப்படிக் கணக்கெடுப்பது? போனது தெரியாமல் போவதுதான் அதில் மோசம். பணமோ செருப்போ தொலைந்தால் தேடவாவது செய்வோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வையாபுரி முதலாளி வீட்டுக்குப் போனேன். அம்மா வருகிறேன் என்றார், வேண்டாமென்றேன். முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், மருமகள் காபி கொண்டுவந்துகொண்டிருந்தார். தன்யா நாளைக்கு வரமாட்டாள் என்றேன். கூட்டி வருகிறேன் என்று உங்கம்மா சொல்லிவிட்டாளே என்றார். எனக்கும் ஙொய் இருக்கிறது, உங்கள் பட்டறையில்தான் வந்தது, அதனால் இனிமேல் என்னைக் காட்டி யாரிடமும் பேசாதீர்கள் என்றேன்.

பேப்பரைத் தாழ்த்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே அம்மிணி."

"உங்களுக்குக் கேக்காதுங்க முதலாளி. உங்களுது ரொம்பப் பெருசு. தெருமுக்கு வரைக்கும் கேக்குது."

மருமகள் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். முதலாளி அவர் பக்கம் திரும்பினார். மருமகள் டம்ளருக்குள் பார்த்தார். அந்த வீட்டில் அன்று யாருக்கும் என்னைப் பிடித்திருக்காது.

"எத்தன நாளா?" என்று கேட்டார்.

"காது வண்டி வந்த அன்னிக்கிருந்துங்க."

"ஒருத்தரும் சொல்லலையே."

"எல்லார்த்துக்கும் தறி வேணுமில்லங்க."

அவர் கை மெதுவாகக் காதுக்குப் போனது, கம்மல் தொலைந்ததா என்று பெண்கள் தடவுவது போலத் தடவியது. பிறகு உதடு மட்டும் அசைந்தது, போ என்று. அது கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை, உதட்டில் வார்த்தை தெரியும், மற்றது தெரியாது.

திங்கட்கிழமை அம்மா காது மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு, ஜெசிந்தா மேடம் கொடுத்த பஞ்சு அடைப்பானைச் செருகிக்கொண்டு பயந்து பயந்து பட்டறைக்குப் போனார். வாசலோரம் நான்கு தறி அவருக்கென்று விட்டிருந்தது, எட்டு இல்லை, நான்கு. தன்யாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வாசலில் பிளாஸ்டிக் உறை மட்டும் தொங்கியது, உள்ளே தாள் இல்லை. முதலாளி ஈரோட்டுக்குக் காது டாக்டரிடம் போயிருப்பதாகச் சொன்னார்கள். அவரும் அழுக்காக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு போயிருப்பார், பாவம்.

அன்றைக்கே நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு தன்யாவைக் கூட்டிக்கொண்டு மேல்நிலைப் பள்ளிக்குப் போனேன். நான் படிப்பை நிறுத்திய பிறகு அந்தக் கேட்டுக்குள் கால் வைத்ததில்லை. பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே இருக்கிறது, தறிச் சத்தம் வராது, அட்மிஷன் அறையில் பேனா எழுதுவது கேட்கும் என்று தன்யா சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. வரிசையில் முன்னால் நின்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தன, அம்மாக்கள் மரியாதையாக அவர்கள் தலையைத் திருப்பிவிட்டார்கள். எங்கள் முறை வந்தது. கிளார்க் வெளியூர்க்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். தன்யாவின் மதிப்பெண் தாளைப் பார்த்தார், எந்த குரூப் என்று கேட்டார், அவள் சொன்னாள், எழுத ஆரம்பித்தவர் பேனாவை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். டியூப்லைட்டில் சோக் போயிருக்கிறது போல, கொய்யென்று கத்துகிறது, யாராவது அணையுங்கள் என்று ப்யூனைக் கூப்பிட்டார். ப்யூன் எங்கள் ஊர்க்காரர். என்னைப் பார்த்துவிட்டு, ஸ்விட்ச் பக்கம் போவது போல மெதுவாக நடந்தார். தன்யா என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"லைட்டு இல்லைங்க சார்" என்றேன். "அது நான். நீங்க எழுதுங்க."